மதுரைக்கு முதல்முறை வருபவர்களுக்கு: வெயிலுக்கு முன், வெயிலுக்குப் பின்

மதுரைக்கு வருகிறோம், என்னென்ன பார்க்கலாம் என்று யாராவது கேட்டால் நான் இடங்களைச் சொல்வதற்கு முன்னால் காலையில் எத்தனை மணிக்கு எழுந்திருப்பீர்கள் என்றுதான் கேட்பேன். இந்த ஊருக்குக் கடல் கிடையாது, வைகையில் பல மாதம் தண்ணீர் கிடையாது, வெயில் மட்டும் தாராளம். அந்த வெயிலுக்குத் தக்கபடிதான் ஊரே நடக்கிறது. காலை பத்து மணிக்குள் ஒரு மதுரை, சாயங்காலம் ஐந்துக்கு மேல் இன்னொரு மதுரை. நடுவில் இருப்பது உள்ளூர்க்காரர்கள் வீட்டுக்குள் கிடக்கும் நேரம். வெளியூரிலிருந்து வருபவர்கள் ஒன்பது மணிக்கு எழுந்து, பத்தரைக்கு ஹோட்டலை விட்டு இறங்கி, பன்னிரண்டே முக்காலுக்குக் கோயில் வாசலில் போய் நின்று, நடை சாத்திவிட்டார்கள் என்று முகம் வாடித் திரும்புவதை ஆண்டு முழுக்கப் பார்க்கலாம். அதனால் நேரத்தை வைத்தே சொல்கிறேன், அதன்படி போனால் இரண்டு நாளில் நிம்மதியாகப் பார்த்துவிடலாம்.

எப்போது வருவது

நவம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை நல்ல காலம். ஏப்ரல், மே வேண்டாம் என்று சொல்லத்தான் ஆசை, ஆனால் சித்திரைத் திருவிழா அப்போதுதான் வருகிறது. மீனாட்சி திருக்கல்யாணம், மறுநாள் மாசி வீதிகளில் தேர், அப்புறம் சித்ரா பௌர்ணமியன்று கள்ளழகர் வைகையில் இறங்குவது. அழகர் என்ன நிறப் பட்டு உடுத்தி வருகிறார் என்று ஊரே பார்க்கும், பச்சை என்றால் அந்த வருஷம் செழிப்பு என்பது நம்பிக்கை. கூட்டம் பிடிக்கும் என்பவர்கள் மட்டும் அப்போது வாருங்கள். அறையை மாதக்கணக்கில் முன்னாலேயே பிடித்துவிட வேண்டும். கைக்குழந்தை, வயதானவர்களோடு ஆற்றுக்குள் இறங்காதீர்கள், முந்தின நாள் தல்லாகுளம் பக்கம் அழகரை எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவையைப் பார்த்தால் போதும். பொங்கலுக்கு வந்தால் ஜல்லிக்கட்டு உண்டு. தைப்பொங்கலன்று அவனியாபுரம், அடுத்த நாள் பாலமேடு, அதற்கடுத்த நாள் அலங்காநல்லூர் என்பதுதான் வழக்கமான வரிசை.

இறங்குவதும் தங்குவதும்

ரயிலில் வருவதுதான் உத்தமம். சென்னையிலிருந்து ராத்திரி பாண்டியன் எக்ஸ்பிரஸில் ஏறிப் படுத்தால் விடியற்காலையில் மதுரை ஜங்ஷன். அங்கிருந்து கோயிலுக்கு நடந்தே போய்விடலாம். பேருந்து என்றால் எந்த நிலையத்தில் இறக்கிவிடுவார்கள் என்று ஏறும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். திருச்சி, சென்னை, திருநெல்வேலி, தூத்துக்குடி, ராமேஸ்வரம் பக்கத்து வண்டிகளுக்கு மாட்டுத்தாவணி. கோயம்புத்தூர், தேனி, கொடைக்கானல் பக்கம் என்றால் ஆரப்பாளையம். ஊருக்குள் சுற்றும் டவுன் பஸ்ஸுக்குப் பெரியார் நிலையம். மாட்டுத்தாவணியிலிருந்து கோயில் ஆறேழு கிலோமீட்டர். வெளியே வந்ததும் ஆட்டோக்காரர்கள் சூழ்ந்துகொள்வார்கள். மீட்டர் என்ற பேச்சே கிடையாது. செல்போன் ஆப்பில் என்ன விலை காட்டுகிறது என்று பார்த்து வைத்துக்கொண்டு, "அண்ணே, எவ்வளவுக்கு வருவீங்க" என்று கேளுங்கள். ஏறுவதற்கு முன் பேசிய தொகைதான் தொகை, இறங்கும்போது பேச ஆரம்பித்தால் தகராறுதான். இல்லாவிட்டால் பேசாமல் டவுன் பஸ் பிடித்துப் பெரியார் வந்துவிடுங்கள். சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் காசு கிடையாது, இலவசம்.

தங்குவதற்கு மேலப் பெருமாள் மேஸ்திரி வீதி, டவுன்ஹால் ரோடு பக்கம் பாருங்கள். ஸ்டேஷனுக்கும் கோயிலுக்கும் நடுவில் இருக்கும் தெருக்கள். அறை சின்னது, சத்தம் உண்டு, ஆனால் மத்தியானம் திரும்பி வந்து இரண்டு மணி நேரம் படுத்து எழலாம், அந்த வசதிதான் முக்கியம். பைபாஸ் பக்கம் நீச்சல் குளத்தோடு அறை எடுத்தவர்கள் மத்தியானத் தூக்கத்துக்காக அவ்வளவு தூரம் திரும்பிப் போக மாட்டார்கள், வெயிலிலேயே சுற்றிச் சாயங்காலத்துக்குள் துவண்டுவிடுவார்கள். காரில் வருபவர்கள் மாசி வீதிக்குள் வண்டியை ஓட்டிப் பார்க்க வேண்டாம். வடக்கு ஆவணி மூல வீதியில் அடுக்குமாடி வாகன நிறுத்தம் இருக்கிறது, அங்கே விட்டுவிட்டு நடங்கள்.

வழி தெரிந்துகொள்வது சுலபம். கோயிலைச் சுற்றிச் சதுரம் சதுரமாக வீதிகள். கோயிலுக்குள்ளேயே ஆடி வீதி, மதிலுக்கு வெளியே சித்திரை வீதி, அப்புறம் ஆவணி மூல வீதி, மாசி வீதி, கடைசியாக வெளி வீதி. ஒவ்வொன்றுக்கும் கிழக்கு, மேற்கு, தெற்கு, வடக்கு என்று நான்கு பக்கம். ஆகவே யாராவது "தெற்கு மாசி வீதி" என்றால் கோயிலுக்குத் தெற்கே மூன்று வரிசை தாண்டி என்று புரிந்துகொள்ளலாம். கோபுரம் எந்தப் பக்கம் தெரிகிறது என்று பார்த்துக்கொண்டே நடந்தால் போதும்.

முதல் நாள் காலை: கோயில்

வெள்ளனக் கிளம்புங்கள். ஐந்து மணிக்கு நடை திறக்கிறது, ஐந்தரை, ஆறுக்குள் உள்ளே போய்விட்டால் கூட்டமும் குறைவு, கல்லும் குளிர்ச்சியாக இருக்கும். பதினோரு மணிக்குமேல் வெட்டவெளியில் வெறுங்காலோடு நடப்பது தோசைக்கல்லில் நடப்பது மாதிரிதான். மத்தியானம் பன்னிரண்டரை வாக்கில் சாத்தினால் மறுபடி நான்கு மணிக்குத்தான்.

செல்போன் உள்ளே கொண்டுபோக முடியாது. கேமராவும் அப்படித்தான். 2018 பிப்ரவரியில் கிழக்குக் கோபுரத்தை ஒட்டிய வீரவசந்தராயர் மண்டபத்தில் தீப்பிடித்த பிறகு, கோயிலுக்குள் இருந்த கடைகளும் போய்விட்டன, செல்போனும் போய்விட்டது. வாசலில் பாதுகாப்பு அறை இருக்கிறது, ஆனால் வெளியே வரும்போது அங்கேயே இன்னொரு வரிசையில் நிற்க வேண்டும். பக்கத்தில் அறை எடுத்திருந்தால் அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள். அரைக்கால் டவுசர், கையில்லாத சட்டை போட்டு வந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். வேட்டி, புடவை, சுடிதார், முழுக்கால் பேண்ட் எதுவும் சரிதான். இந்துக்கள் அல்லாதவர்கள் குளம், மண்டபங்கள் எல்லாம் பார்க்கலாம், சன்னதிக்குள் மட்டும் விட மாட்டார்கள். நண்பர்களோடு வருகிறீர்கள் என்றால் இதை அவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுவது மரியாதை.

நுழைவது கிழக்கே அஷ்டசக்தி மண்டபம் வழியாக. இங்கே அம்மனுக்குத்தான் முதல் மரியாதை, அப்புறம்தான் சுவாமி. நேரே போனால் பொற்றாமரைக் குளம். படியில் ஐந்து நிமிஷம் உட்காருங்கள், தெற்குக் கோபுரம் முழுசாகத் தெரிவது அங்கிருந்துதான். நான்கு வெளிக் கோபுரங்களில் அதுதான் உயரம், 170 அடி. அம்மன் சன்னதி முடித்துச் சுவாமி சன்னதிக்குப் போகிற வழியில் முக்குறுணிப் பிள்ளையார் பெரிய உருவமாக உட்கார்ந்திருப்பார். அவரைக் குறித்துக்கொள்ளுங்கள், சாயங்காலம் அவருக்கு ஒரு கதை இருக்கிறது. சுவாமி சன்னதியில் வெள்ளியம்பலத்து நடராஜரை அவசரத்தில் தாண்டிப் போய்விடாதீர்கள். மற்ற ஊர்களில் இடது காலைத் தூக்கி ஆடுபவர், இங்கே பாண்டியன் கேட்டுக்கொண்டதற்காக வலது காலைத் தூக்கி ஆடுகிறார். கடைசியில் ஆயிரங்கால் மண்டபம். எண்ணினால் 985 தூண்தான் வரும்.

ஒன்பதரை மணிக்கு வெளியே வந்தால் பசி பிய்க்கும். சித்திரை வீதி, மாசி வீதி பக்கம் எந்த இட்லிக் கடையில் ஆவி பறக்கிறதோ அங்கே நுழையுங்கள். இந்த ஊரில் இட்லியைவிடச் சட்னிக்குத்தான் மவுசு. தேங்காய், தக்காளி, கொத்தமல்லி என்று மூன்று நான்கு ஊற்றுவார்கள், தயங்காமல் மறுபடி கேட்கலாம்.

கோயிலைச் சுற்றி ஒரு தொந்தரவு உண்டு. நன்றாக உடுத்திய ஒருவர் சிரித்துக்கொண்டே வந்து, "மொட்டைமாடியிலிருந்து கோபுரம் பார்க்கலாம், இலவசம்" என்று கூப்பிடுவார். மாடி இலவசம்தான், கோபுரமும் அருமையாகத் தெரியும். இறங்குகிற படிதான் கம்பளமும் சால்வையும் விற்கும் கடைக்குள்ளே போய் முடியும். வாங்குகிற எண்ணம் இல்லையென்றால் "வேண்டாம்ணே" என்று சொல்லி நடையைக் கட்டுங்கள். அவர்களும் கோபித்துக்கொள்வதில்லை.

மத்தியானம்

சாப்பிடுங்கள், தூங்குங்கள். அசைவம் என்றால் மத்தியானச் சாப்பாட்டுக்கு மதுரை மெஸ்கள்தான். குமார் மெஸ், அம்மா மெஸ், சந்திரன் மெஸ் என்று பேர்பெற்றவை பல. பன்னிரண்டரைக்கே போய்விடுங்கள், இரண்டு மணிக்குப் போனால் நல்லதெல்லாம் தீர்ந்திருக்கும். பலகையில் பெயர் படித்து யோசிக்க வேண்டாம், தட்டில் எல்லாவற்றையும் அடுக்கிக்கொண்டு வந்து காட்டுவார்கள். தொட்டுக் காட்டுவது எல்லாமே தனிக் காசு என்பது நினைவிருக்கட்டும். மட்டன் சுக்கா, கோலா உருண்டை சரி, ஆனால் அயிரை மீன் குழம்பு கிடைக்கிற நாளில் மற்றதை விடுங்கள். சுண்டுவிரலைவிடச் சின்ன மீன், முள் என்று எடுக்க எதுவும் இல்லை, அப்படியே சோற்றோடு பிசைந்து சாப்பிடுவது. விலை கூடத்தான்.

தூக்கம் வராதவர்களுக்கு நத்தம் ரோட்டில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் இருக்கிறது. 2023 ஜூலையில் திறந்தது. ஏசி, குழந்தைகளுக்குத் தனிப் பகுதி, அடுக்கடுக்காகப் புத்தகம், எல்லாம் இலவசம். மே மாத மத்தியானத்தில் நகரத்திலேயே இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. அதே வைகை வடகரையில் தமுக்கம் பக்கம் காந்தி அருங்காட்சியகம், ராணி மங்கம்மாளின் அரண்மனையில் 1959 முதல் நடக்கிறது. காந்தி சுடப்பட்டபோது உடுத்தியிருந்த ரத்தக்கறை படிந்த துணி அங்கே இருக்கிறது. 1921 செப்டம்பரில் அவர் மேல்சட்டையை விட்டு அரையாடைக்கு மாறியதும் இதே ஊரில்தான், மேலமாசி வீதியில் ஒரு வீட்டு மாடியில். கீழே இப்போது கதர்க் கடை நடக்கிறது.

சாயங்காலம்: மகாலும் அதன் தெருக்களும்

நாலு மணிக்குத் திருமலை நாயக்கர் மகால். 1636-இல் கட்டியது, இன்றைக்கு நிற்பது பழைய அரண்மனையின் ஒரு பகுதிதான். அந்தப் பகுதியின் தூண்களே நான்கைந்து பேர் கைகோர்த்தால்தான் பிடிபடும். ஒரு மணி நேரம் போதும். இரவில் ஒலி ஒளிக் காட்சி நடக்கிற நாளா என்று வாசலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

பெரும்பாலானவர்கள் மகாலைப் பார்த்ததும் ஆட்டோ ஏறிவிடுவார்கள். என்னைக் கேட்டால் அதற்கப்புறம்தான் மதுரையே தொடங்குகிறது. மகாலைச் சுற்றியுள்ள தெருக்களில் நடங்கள், திண்ணையில் பேசிக்கொண்டிருக்கும் பாட்டிமார் பேசுவது தமிழ் இல்லை என்பது கொஞ்ச நேரத்தில் காதில் விழும். அது சௌராஷ்டிரம். நாயக்கர் காலத்தில் வந்து நிலைத்த நெசவாளர்கள், அரண்மனைக்குப் பக்கத்திலேயே குடியமர்ந்தார்கள். வீட்டில் ஒரு மொழி, வெளியில் சுத்தமான மதுரைத் தமிழ். டி.எம்.சௌந்தரராஜன் இந்தச் சமூகத்துக்காரர்தான். சாயங்காலமானால் இந்தப் பக்கம் முள்முருங்கைக் கீரையை அரைத்துச் சேர்த்த வடை போடுவார்கள். பச்சையாக, மெலிசாக, பூரி மாதிரி உப்பி வரும், மேலே மிளகுப்பொடி தூவி, காகிதத்தில் வைத்துத் தருவார்கள். சுடச்சுட நின்றுகொண்டே தின்ன வேண்டியது. அறைக்குக் கட்டிக்கொண்டு போனால் வெறும் எண்ணெய்த் துணிதான்.

சுங்குடிச் சேலை வாங்குவதும் இந்தப் பக்கத்து வேலைதான். கடையில் சுங்குடி என்று சொல்லித் தருவதில் பெரும்பகுதி அச்சுப் போட்டது. அது ஒன்றும் மோசம் இல்லை, வெயிலுக்கு இதமான பருத்திதான், விலையும் குறைவு. ஆனால் முடிச்சுப் போட்டுச் சாயம் தோய்த்ததுதான் வேண்டும் என்றால் சேலையைத் திருப்பிப் பாருங்கள். முடிச்சுச் சுங்குடியில் புள்ளி இரண்டு பக்கமும் ஒரே அளவு தெளிவாக இருக்கும், அச்சில் பின்பக்கம் மங்கும். அப்புறம் புள்ளிகளை வரிசையாகப் பாருங்கள். ஒன்று கொஞ்சம் பெரிசு, ஒன்று கொஞ்சம் சாய்ந்து என்று இருந்தால் கையால் கட்டியது. எல்லாம் அச்சுக் குத்தியதுபோல ஒரே மாதிரி இருந்தால் அச்சேதான்.

அங்கிருந்து விளக்குத்தூண் நடந்துபோகிற தூரம். அங்கே ஜிகர்தண்டா. சுண்டக் காய்ச்சிய பால், ஊறவைத்த பாதாம் பிசின், நன்னாரி சர்பத், மேலே ஒரு கரண்டி ஐஸ்கிரீம். ஸ்பெஷல் கேட்டால் பாசந்தியும் சேரும். முதல்முறை சாதாரணமே போதும், ஸ்பெஷல் ஒரு டம்ளர் குடித்தால் ராத்திரிச் சாப்பாடு இறங்காது. ஊர் முழுக்க ஜிகர்தண்டா பலகை தொங்குகிறது, அதில் பாதிக்குமேல் வெறும் ரோஸ்மில்க் குணம்தான். கூட்டம் நிற்கிற கடையில் குடியுங்கள்.

கொஞ்சம் நடக்கத் தெம்பிருந்தால் இதே சுற்றுவட்டாரத்தில் ஊரின் மற்ற வழிபாட்டு இடங்களையும் பார்த்துவிடலாம். கீழவெளி வீதியில் தூய மரியன்னைப் பேராலயம், பெரியார் நிலையத்துக்குப் பக்கம் காஜிமார் தெருவும் பெரிய பள்ளிவாசலும், வைகைக்கு அக்கரையில் கோரிப்பாளையம் தர்கா. தர்காவின் கும்மட்டம் அழகர்மலையிலிருந்து கொண்டுவந்த ஒரே கல் என்று சொல்வார்கள். வேண்டுதலுக்கு வருபவர்களில் எல்லாச் சாதி, மதத்தவரும் இருப்பார்கள். அழகர் ஆற்றில் இறங்கியபின் வண்டியூரில் துலுக்க நாச்சியார் என்ற முஸ்லிம் பெண்ணிடம் தங்கிவிட்டுத்தான் போவார் என்று இந்த ஊரில் கதை நடக்கிறது என்றால், சேர்ந்து வாழ்வதைப் பற்றி நான் தனியாக எதுவும் விளக்க வேண்டியதில்லை.

ராத்திரி

கடற்கரைக்காக ஏங்குபவர்களுக்கு எங்கள் பதில் வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம். 1645-இல் திருமலை நாயக்கர் வெட்டியது, பதினாறு ஏக்கர் பரப்பு. மகால் கட்ட மண் எடுத்த பள்ளம்தான் குளமானது என்றும், தோண்டும்போது கிடைத்தவர்தான் காலையில் நீங்கள் பார்த்த முக்குறுணிப் பிள்ளையார் என்றும் சொல்வார்கள். வைகையிலிருந்து வாய்க்கால் வழியாகத் தண்ணீர் வருகிறது, நிறைந்திருந்தால் காற்று பிய்த்துக்கொண்டு போகும். சுற்றிலும் கல் திட்டு, குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருப்பார்கள், பஜ்ஜி, சுண்டல், பானிபூரி, குழந்தைகளுக்குப் பொம்மைக் குதிரை எல்லாம் உண்டு. தைப்பூசத்தன்று தெப்பத் திருவிழா, அன்றைக்கு வந்தால் மைய மண்டபத்தைச் சுற்றி அம்மனும் சுவாமியும் தெப்பத்தில் வருவதைப் பார்க்கலாம்.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு இரண்டு வழி. ஒன்று கறிதோசை: தோசை, அதன்மேல் முட்டை, அதன்மேல் கொத்துக்கறி, மூன்றும் ஒன்றாகத் திருப்பிப் போட்டுச் சுட்டது. கோனார் கடையில்தான் இது பேர் வாங்கியது. ஒருவருக்கு ஒன்றே நிறைவு. இன்னொன்று பரோட்டா. ரோட்டோரக் கல்லில் அடித்துப் போடும் கடை, சால்னா தனித்தனி வாளியில், கோழியா மட்டனா என்று கேட்பார்கள். பன் பரோட்டா கிடைத்தால் வாங்குங்கள், மேலே மொறுமொறு, உள்ளே பஞ்சு. சைவக்காரர்கள் கவலைப்பட வேண்டாம், இடியாப்பம், பணியாரம், ஆப்பம் தள்ளுவண்டியிலேயே கிடைக்கும். தூங்குமுன் ஒரு டம்ளர் பருத்திப்பால், கருப்பட்டியும் சுக்கும் போட்டது.

இன்னும் சக்தி மிச்சம் இருந்தால் ஒன்பது மணிவாக்கில் திரும்பக் கோயிலுக்குப் போங்கள். பள்ளியறைக்குச் சுவாமியின் பாதத்தைச் சின்னப் பல்லக்கில் அம்மன் சன்னதிக்கு எடுத்துப் போவார்கள். மேளம், புகை, ஓடுகிற பல்லக்கு. பகல் தரிசனத்தைவிட எனக்கு இதுதான் பிடிக்கும்.

இரண்டாம் நாள்

இதற்கும் அதே கணக்கு, விடியலில் வெளியே, மத்தியானம் அறை. இரண்டு திசையில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள், இரண்டையும் ஒரே நாளில் திணிக்க வேண்டாம்.

வடக்கே போனால் முதலில் மாட்டுத்தாவணி மலர்ச் சந்தை. விடியற்காலை மூட்டை மூட்டையாக மல்லிகை மொட்டு வந்து கொட்டும். 2013-இல் புவிசார் குறியீடு வாங்கிய மதுரை மல்லி இதுதான். முகூர்த்த நாளில் விலை எங்கேயோ ஏறி நிற்கும், மறுநாள் பாதியாகக் கிடக்கும். அப்புறம் அழகர்கோவில், ஊரிலிருந்து இருபது கிலோமீட்டர் சொச்சம், டவுன் பஸ் உண்டு. வாசலில் பதினெட்டாம்படிக் கருப்பசாமி, மூடிய கதவுக்குத்தான் பூசை. உள்ளே பிரசாதமாக விற்கும் தடித்த தோசையை விட்டுவிடாதீர்கள், உளுந்தும் மிளகும் நெய்யுமாக, இரண்டு நாள் வைத்தும் சாப்பிடலாம். மலைமேல் பழமுதிர்சோலை, அதற்கும் மேலே நூபுர கங்கைத் தீர்த்தம். குரங்குகள் கையில் எது இருந்தாலும் பிடுங்கும், பாலிதீன் பையைக் கண்டால் முடிந்தது கதை.

மேற்கே, தெற்கே போனால் திருப்பரங்குன்றம். ஆறுபடை வீட்டில் முதல் வீடு, மலையைக் குடைந்த கோயில், மலையுச்சியில் சிக்கந்தர் தர்கா. அங்கிருந்து கீழக்குயில்குடி சமணர் மலை பக்கம்தான். அடிவாரத்தில் தாமரைக்குளம், ஆலமரம், அய்யனார். ஏறினால் பேச்சிப்பள்ளத்தில் பாறையில் வரிசையாகத் தீர்த்தங்கரர்கள், கீழே வட்டெழுத்து. எட்டு மணிக்கு முன் ஏறி ஒன்பதரைக்குள் இறங்கிவிடுங்கள், மேலே கடையும் இல்லை நிழலும் இல்லை, ஆளுக்கொரு பாட்டில் தண்ணீர் அவசியம். மிச்ச நேரத்துக்குக் கீழடி, சிவகங்கை மாவட்டம் என்றாலும் மதுரையிலிருந்து பன்னிரண்டு கிலோமீட்டர் வாக்கில்தான். 2023-இல் திறந்த அருங்காட்சியகம் செட்டிநாட்டு வீட்டு அமைப்பில் கட்டியது. எழுத்துக் கீறிய பானை ஓடுகளுக்கு முன்னால் நிதானமாக நில்லுங்கள்.

கடலைப் பார்த்தே ஆகவேண்டும் என்பவர்கள் மூன்றாம் நாள் ராமேஸ்வரம் போகலாம், 170 கிலோமீட்டர். முடிந்தால் ரயிலில் போங்கள், 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் பாலம் வழியாகப் போகும். தனுஷ்கோடியிலும் வெயில் இதே வெயில்தான், அங்கே நிழலும் கிடையாது என்பதால் காலை நேரக் கணக்கை அங்கேயும் விட்டுவிட வேண்டாம்.

கிளம்பும் நாளில் மல்லிகை கொண்டுபோக நினைப்பவர்கள் மலர்ந்த பூவை வாங்காமல் மொட்டாகக் கட்டிய சரத்தை முழக் கணக்கில் வாங்கி, வாழையிலையில் சுற்றி ஈரத்துணிக்குள் வைத்துவிடுங்கள், பிளாஸ்டிக் பையில் போட்டால் ஊர் போய்ச் சேருமுன் அவிந்துவிடும். அல்வா வாங்குபவர்கள் ஸ்டேஷனை ஒட்டியுள்ள பிரேமா விலாஸில் முதலில் இலையில் ஐம்பது கிராம் சூடாக வாங்கித் தின்றுவிட்டு அப்புறம் பார்சல் சொல்லுங்கள். வரிசை இருக்கும், ரயிலுக்கு அரைமணி நேரம் முன்னாலேயே போய் நில்லுங்கள்.